26/11: சல்யூட் அடிப்பதோடு மரியாதை முடிந்துவிடுமா?

#1 ஆழியோன்

பக்கத்து இழையில் ஒரு நண்பர், "நவம்பர் 26 அன்று வீரர்களுக்கு வணக்கம் மட்டும் செலுத்துங்கள், கவசம் சரியில்லை, கமாண்டோ வரத் தாமதம் என்றெல்லாம் அன்றைக்குப் பேசுவது இறந்தவர்களை அவமதிப்பது, தேச ஒற்றுமையைக் குலைப்பது" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் அந்த இழை திசைமாறிவிடும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

எனக்கு உடன்பாடு இல்லை. 2008 நவம்பர் 26 இரவு பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்குள் வந்தார்கள். சிஎஸ்டி ரயில் நிலையம், லியோபோல்ட் கஃபே, காமா மருத்துவமனை, தாஜ், ஓபராய் டிரைடென்ட் ஓட்டல்கள், நரிமன் ஹவுஸ் என்ற யூத மையம் என்று ஒரே இரவில் நகரத்தின் பல முனைகளில் சுட்டார்கள். 29ஆம் தேதி காலையில்தான் எல்லாம் அடங்கியது. 166 பேர் இறந்தார்கள். கறுப்பு உடை கமாண்டோக்கள் டெல்லிப் பக்கமிருந்து விமானத்தில் வந்து களத்தில் இறங்க மறுநாள் காலை ஆகிவிட்டது. அப்படியென்றால் அந்த முதல் இரவைத் தாங்கியது யார்? லத்தியும் பழைய .303 துப்பாக்கியும் வைத்திருந்த சாதாரணப் போலீஸ்காரர்கள், ரயில்வே ஆட்கள், தீயணைப்பு வீரர்கள், நர்ஸ்கள், ஓட்டல் ஊழியர்கள்.

துக்காராம் ஓம்ப்ளேவை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் இருந்துவிட்டுப் போலீஸுக்கு வந்தவர், உதவி சப்-இன்ஸ்பெக்டர். கிர்காவ் சௌபாட்டியில் தடுப்பு போட்டு நின்றபோது அவர் கையில் இருந்தவை ஒரு லத்தியும் ஒரு வாக்கி டாக்கியும். கடத்திய காரில் வந்த இரண்டு தீவிரவாதிகளில் கசாப் என்பவனின் ஏகே-47 குழலை வெறும் கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குண்டுகள் அத்தனையும் அவர் உடம்பில் இறங்கின, அந்த நேரத்தில் மற்றவர்கள் கசாப்பை அமுக்கினார்கள். ஒருவன் உயிரோடு பிடிபட்டதால்தான் இந்தச் சதி எங்கே போடப்பட்டது என்று உலகத்தின் முன்னால் நிரூபிக்க முடிந்தது. 2009 குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா கொடுத்தார்கள். சரி, நியாயம். ஆனால் ஏகே-47 வரும் வழியில் ஒருவரை லத்தியோடு நிறுத்தியது யார் என்ற கேள்வியும் அந்தப் பதக்கத்தோடு சேர்ந்ததுதானே? அதைக் கேட்காமல் பதக்கத்தை மட்டும் போற்றினால், அடுத்தவரையும் லத்தியோடு நிறுத்துவதற்கு நாம் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

நண்பர்கள் கருத்தைச் சொல்லுங்கள். வசவு வேண்டாம்.

#2 சுக்குக்காப்பி

அந்த நண்பர் நான்தான். இழை திறந்ததற்கு நன்றி சார், கோபமில்லை.

நான் சொல்ல வந்ததைக் கொஞ்சம் விளக்குகிறேன். கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு 365 நாள் இருக்கிறது, கேட்பதை மற்ற நாளில் கேளுங்கள் என்கிறேன். அந்த ஒரு நாள் அந்தக் குடும்பங்களுடையது. அன்றைக்கு டிவியைப் போட்டால் சோபாவில் உட்கார்ந்து நாலு பேர் "போலீஸ் இப்படிச் செய்திருக்கக் கூடாது, இந்த ஏணிப்படியில் போயிருக்கக் கூடாது" என்று பாடம் நடத்துகிறார்கள். எதிரில் சுட்டுக்கொண்டு வருபவன் முன்னால் நின்றவர்களுக்கா இந்தப் பாடம்?

இன்னொன்று. அன்றிரவு கொல்லப்பட்ட பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்க்கரேயின் கவசம் பற்றி எல்லோரும் "மட்டமான கவசத்தால்தான் செத்தார்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குண்டுகள் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் பாய்ந்தன என்று பிரேதப் பரிசோதனையில் வந்ததாகச் செய்தி. அந்த இடத்தை நல்ல கவசமே மூடுமா என்பது சந்தேகம். ஆனால் யாருக்கு இதெல்லாம் வேண்டும், பரபரப்பு போதும். இப்படிப் பேசிப் பேசித்தான் 2008 டிசம்பரில் இருந்த அந்த ஒற்றுமை ஆறே மாதத்தில் காணாமல் போனது.

#3 எட்டாம்நம்பர்

ஒற்றுமையா? அப்போது எல்லாரும் சேர்ந்து அரசியல்வாதிகளைத் திட்டினோம், அதுதான் ஒற்றுமை.

#4 பழைய ஏணி

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் என் துறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தாஜ் என்றால் எல்லோருக்கும் கமாண்டோ ஞாபகம்தான் வருகிறது. அந்த முதல் இரவு கட்டடம் எரிந்துகொண்டிருந்தது, மேல்மாடி ஜன்னல்களில் ஆட்கள் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே துப்பாக்கியோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே மும்பை தீயணைப்புப் படை ஏணியை நிமிர்த்தி ஜன்னல் ஜன்னலாக மக்களை இறக்கியது. ஏணி மேலே நிற்கும் ஆள் எவ்வளவு பெரிய குறி என்று யோசித்துப் பாருங்கள். மறைவு கிடையாது, ஓட இடம் கிடையாது, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பயந்துபோன ஒருவரை வாங்க வேண்டும், அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார், கீழே ஹோஸ் பிடித்திருப்பவனுக்கு மேலே நடப்பது புகையில் தெரியாது. எங்களுக்குத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் வேலை செய்யும் பயிற்சி எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை. அவர்களுக்கும் இருந்திருக்காது. தலையில் இருந்தது தீயணைப்பு ஹெல்மெட், அது விழும் கல்லைத் தாங்கும், குண்டைத் தாங்காது.

இதே ஊர்த் தீயணைப்புப் படையின் பழைய கதை ஒன்று உண்டு. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைக்கின் என்ற கப்பல், உள்ளே பருத்தியும் வெடிமருந்தும் ஒன்றாக, தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் கப்பலிலேயே நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் போய்விட்டார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுக்கத் தீயணைப்பு நிலையங்களில் நினைவு நாளாக அனுசரிக்கிறோம். வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் 2015 மே மாதம் கால்பாதேவியில் ஒரு பழைய கட்டடம் எரிந்து இடிந்ததில் அதே படையின் மூத்த அதிகாரிகள் நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் படையின் தலைமை அதிகாரி. தலைமை அதிகாரியே உள்ளே போகும் துறை இது.

சுக்குக்காப்பி தம்பிக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பணியில் இருந்தபோது வருஷா வருஷம் மாலை போட்டார்கள், சங்கு ஊதினார்கள், நல்லதுதான், மனசுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சுக்கருவி, அதாவது நாங்கள் பிஏ செட் என்று சொல்வோமே, அதில் ரெண்டு பழுதாகிக் கிடந்து மாற்று கேட்டு எழுதினால் கோப்பு நகராது. புகைக்குள் போகிறவனுக்குப் பெரிய மரியாதை அந்தக் கோப்பு நகர்வதுதான்.

#5 மழைக்குருவி

ஏணி அப்பா எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர்.

காமா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. அன்றிரவு பிரசவத்துக்கு முந்தைய வார்டில் பணியில் இருந்தவர் அஞ்சலி குல்தே. கசாப்பும் இன்னொருவனும் பின்பக்கச் சுவர் ஏறி வந்து, காவலாளிகள் இரண்டு பேரைச் சுட்டுக்கொன்றுவிட்டு மாடிப்படியில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். இரும்புக் கதவைச் சாத்தினார், விளக்குகளை அணைத்தார், இருபது கர்ப்பிணிகளை வார்டின் கடைசியில் இருந்த சின்ன சரக்கு அறைக்குள் கொண்டுபோய் அடைத்தார். வெளியே கையெறி குண்டு வெடிக்கிறது, உள்ளே ஒரு பெண்ணுக்கு அந்த நேரம் பார்த்து வலி வந்துவிட்டது. சுவரை ஒட்டி ஒட்டி அவரைப் பிரசவ அறைக்கு நடத்திக் கூட்டிப்போனார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவரைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். போனார், கசாப்பை அடையாளம் காட்டினார், நீதிமன்றத்துக்குத் தன் நர்ஸ் சீருடையிலேயே போனார். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் கூட்டத்தில் காணொளி வழியாகப் பேசவும் செய்தார்.

எங்கள் கல்லூரிப் பாடத்தில் பேரிடர் மேலாண்மை என்று ஒரு பகுதி உண்டு, அதில் இந்தப் பெயர் ஒரு வரி கூட இல்லை. நோயாளிகளை எப்படி நகர்த்தினார், ஏன் விளக்கை முதலில் அணைத்தார் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? மார்பிள் கல்லில் பெயர் வெட்டுவதைவிட அடுத்த நர்ஸுக்கு அது உயிர் காக்கும்.

#6 ராக்கோழி

அக்கா சொன்ன மாதிரியே சிஎஸ்டியில் விஷ்ணு ஜெண்டே. ரயில்வே அறிவிப்பாளர். மேலே அறிவிப்பு அறையில் இருந்து பார்த்துக்கொண்டே, எந்தப் பக்கம் போகக் கூடாது, எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அந்த அறையை நோக்கியும் சுட்டார்கள். அந்த நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேல் செத்தார்கள். அந்தக் குரல் இல்லாவிட்டால் புறநகர் ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் நேராக அதற்குள் போய் நின்றிருக்கும். ரயில்வே பாதுகாப்புப் படையின் ஜில்லு யாதவ் பக்கத்தில் நின்ற காவலரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார், கடைசியில் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். நாற்காலி!

டிவி பற்றி சுக்குக்காப்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அவர் சொன்னதைவிட மோசம். நரிமன் ஹவுஸ் மாடியில் ஹெலிகாப்டரில் இருந்து கமாண்டோ இறங்குவதை நேரலையில் போட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு பாகிஸ்தானில் இருந்து போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012 ஆகஸ்டில் கசாப் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களை இதற்காகவே கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் டிவி விதியைத் திருத்தி, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கூடாது, அதிகாரி அவ்வப்போது தரும் தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஏழு வருஷம்! 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அதையே திரும்ப அறிவுரையாக அனுப்ப வேண்டியிருந்தது. வீரர்களுக்கு நன்றி என்று திரையில் எழுதிக்கொண்டே அவர்கள் நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டும் சேனலை என்ன சொல்வது?

#7 ஆழியோன்

சுக்குக்காப்பி தம்பி, கவசம் பற்றி நீங்கள் சொன்ன எச்சரிக்கை நியாயம். தெரியாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் பாருங்கள். கணவர் போட்டிருந்த கவசம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள கவிதா கர்க்கரே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். கவசமே காணவில்லை என்று பதில் வந்தது. நல்ல கவசமா மட்டமான கவசமா என்று யாரும் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் கேள்வி கேட்டவர்களா, பொருளைத் தொலைத்தவர்களா?

அன்றிரவு இறந்த இன்னொரு காவல் அதிகாரி அசோக் காம்டேயின் மனைவி வினீதாவும் அப்படித்தான். காமா பக்கத்துச் சந்தில் கர்க்கரே, காம்டே, சலஸ்கர் என்ற மூன்று அதிகாரிகளும் ஒரே வண்டியில் இறந்தார்கள். அந்த வண்டியில் உயிர் பிழைத்தவர் அருண் ஜாதவ் என்ற காவலர் மட்டும், சக காவலர்களின் உடல்களுக்கு நடுவில் காயத்தோடு கிடந்து, கொலைகாரர்கள் வண்டியை விட்டுப் போனதும் வயர்லெஸ்ஸில் தகவல் கொடுத்தார். கூடுதல் படை கேட்டும் ஏன் வரவில்லை என்று வினீதா காம்டே கேட்டு, கட்டுப்பாட்டு அறைப் பதிவுகளை மனு மேல் மனு போட்டு வாங்கினார். நவம்பர் 26 குடும்பங்களின் நாள் என்றீர்கள். குடும்பங்கள்தான் முதலில் கேட்டார்கள் தம்பி.

கர்க்கரே விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், கட்சி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இறப்பதற்கு முந்தைய வாரங்களில் மாலேகாவ் குண்டுவெடிப்பு வழக்கு விசாரணைக்காக அவரை எவ்வளவு தூற்றினார்கள் என்று பழைய செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். இறந்த மறுநாள் அத்தனை பேரும் கைகூப்பினார்கள். உயிரோடு இருக்கும் அதிகாரி தன் வேலையைச் செய்யும்போது வராத மரியாதை எனக்குப் பெரிதாகப் படவில்லை. கவிதா 2014இல் மூளை ரத்தக்கசிவால் இறந்தபோது அந்தக் குடும்பம் அவருடைய உறுப்புகளைத் தானம் செய்தது. கொடுத்துக்கொண்டே இருக்கிற குடும்பம்.

#8 நெய்தல்

எல்லோரும் போலீஸ், ஓட்டல் என்று பேசுகிறீர்கள். முதலில் செத்தது யார்? குஜராத்தில் இருந்து மீன்பிடிக்கப் போன குபேர் படகின் மீனவர்கள். படகைக் கடத்தி, நாலு பேரைக் கடலிலேயே முடித்துவிட்டு, மும்பை வரை ஓட்டவைத்துவிட்டு படகோட்டி அமர்சிங் சோலங்கியையும் கொன்றார்கள். உடல் கிடைக்காதவர்களின் குடும்பம் இழப்பீட்டுக்கு அலைந்த கதை தனி. அஞ்சலிப் படத்தில் இவர்களுடைய முகம் ஒன்றாவது பார்த்திருக்கிறீர்களா?

மும்பையின் கொலாபா பக்கம் ரப்பர் படகில் வந்து இறங்கியவர்களை முதலில் பார்த்ததும் மீனவர் குடியிருப்பு ஆட்கள்தான். யார் நீங்கள் என்று கேட்டார்கள், முறைத்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு எங்களுக்கு பயோமெட்ரிக் அட்டை வந்தது, படகுக்கு மாநிலத்துக்கு ஒரு நிறம் வந்தது, சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை வந்தது. ஒத்திகை அன்றைக்குப் போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் எங்கள் படகில் ஏறி வருவார்கள், கரையில் மற்ற போலீஸ் பிடிக்கும். கூட்டத்தில் அதிகாரிகள் "நீங்கள்தான் கடலோரத்தின் கண்ணும் காதும்" என்பார்கள். மறுநாள் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த கிழவரை வெயிலில் நிற்கவைத்து விசாரிப்பார்கள். கண் என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையே குத்தினால் எப்படி?

சந்தேகமான படகு பார்த்தால் தமிழ்நாட்டில் 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. இதைக் கூடவா அஞ்சலிப் பதிவுகளின் அடியில் போட முடியாது?

#9 எட்டாம்நம்பர்

நெய்தல் அண்ணே, அந்த ரெண்டு நம்பரையும் என் போனில் சேவ் பண்ணிட்டேன். கடல் பக்கமே போகாத ஆள் நான், இருந்தாலும்.

#10 கருப்புக்கோட்டு

வக்கீல் என்ற முறையில் "ஒற்றுமை" பற்றிக் கொஞ்சம். கசப்பாக இருக்கும்.

2008 டிசம்பர் 17 மக்களவை, மறுநாள் மாநிலங்களவை. தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) சட்டமும், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யுஏபிஏவில் திருத்தமும், இரண்டும் நிறைவேறின. தாக்குதல் முடிந்து மூன்றே வாரம். ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எல்லாம் ஒரு குரல். என்ஐஏ வேண்டியதுதான், மாநில எல்லைகளைத் தாண்டிய குற்றத்தை விசாரிக்க ஒரு அமைப்பு தேவைப்பட்டது. ஆனால் அதே மூச்சில் யுஏபிஏவில் 43டி(5) சேர்ந்தது. குற்றச்சாட்டில் முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் ஜாமீன் கிடையாது. இன்றைக்கு விசாரணையே தொடங்காமல் வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களின் கதவைப் பூட்டியிருப்பது அந்தப் பிரிவுதான். துக்கத்தில் நாடு ஒன்றுபட்டு நிற்கும்போது எவனும் வரி வரியாகப் படிக்க மாட்டான், படித்துக் கேட்பவன் துரோகி ஆகிவிடுவான். அதனால்தான் "இன்றைக்குக் கேட்காதே" என்பதை நான் எப்போதும் சந்தேகமாகப் பார்க்கிறேன்.

அதே சமயம் ஒன்றை மெச்சவும் வேண்டும். பிடிபட்ட கசாப்புக்கு வழக்கறிஞர் கொடுத்து, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, உச்ச நீதிமன்றம் வரை போய், கருணை மனுவும் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கிலிட்டார்கள். அவனோடு குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்கள் இருவரை ஆதாரம் போதவில்லை என்று விடுவிக்கவும் செய்தார்கள். ஓம்ப்ளே உயிரைக் கொடுத்து அவனை உயிரோடு பிடித்ததற்கு நாடு செய்த ஆகப் பெரிய மரியாதை அந்த விசாரணை என்பேன்.

#11 சுக்குக்காப்பி

வக்கீல் சார், யுஏபிஏவுக்குத் தனி இழை திறங்கள், அங்கே சண்டை போடலாம். இங்கே வேண்டாம்.

ஆழியோன் சார் சொன்ன வினீதா காம்டே விஷயம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது. குடும்பமே கேட்கிறது என்றால் நான் யார் தடுக்க. அதை ஏற்கிறேன். ஆனால் என் மூலக் கருத்தில் ஒரு பாதியை விடமாட்டேன். கேள்வி யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். கீழே நின்று சுட்டவனை, சுட முடியாமல் ஓடியவனைக் கேலி செய்து எத்தனை மீம். தாக்குதலைப் போலீஸ் கையாண்டதைப் பற்றி ராம் பிரதான், பாலச்சந்திரன் இருவர் குழு விசாரித்ததே, அதில் கீழ்மட்டக் காவலர்களின் துணிச்சலைப் பாராட்டியிருக்கிறார்கள். தவறு மேலே, வாங்காத துப்பாக்கியில், தோட்டா பற்றாக்குறையால் நடக்காத சுடும் பயிற்சியில், எச்சரிக்கை வந்தும் கண்டுகொள்ளாத மேசைகளில். நகரத்துக்குக் கேமரா போடும் வேலை முடியவே 2016 ஆகிவிட்டது. அந்த மேசைகளைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். சாலையில் நிற்கும் கான்ஸ்டபிளைக் கேட்காதீர்கள்.

#12 ஆழியோன்

கை கொடுங்கள் தம்பி. இதில் எனக்கும் உங்களுக்கும் ஒரு நூல் இடைவெளி கூட இல்லை.

#13 மட்டுறுத்துநர்

மதத்தை இழுத்து வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குத் தனிமடல் போயிருக்கிறது. மற்றவர்கள் தொடரலாம்.

#14 மேலைக்காற்று

மட்டுறுத்துநர் நீக்கும் முன் அந்தப் பதிவுகளைப் படித்துத் தொலைத்தேன். அவற்றுக்குப் பதில் சொல்லும் விதமாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லப்பட்ட ஒன்பது தீவிரவாதிகளின் உடலையும் மும்பையில் புதைக்க மரைன் லைன்ஸ் பெரிய கபர்ஸ்தானை நடத்தும் ஜும்மா மசூதி அறக்கட்டளை இடம் தர மறுத்துவிட்டது. அப்பாவிகளைக் கொன்றவர்கள் எங்களவர்கள் இல்லை என்றார்கள். உடல்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பிணவறையிலேயே கிடந்தன, 2010 ஜனவரியில் அரசு எங்கோ ரகசியமாகப் புதைத்தது. அந்த டிசம்பரில் வந்த பக்ரீத்துக்குப் பலர் கறுப்புப் பட்டை கட்டித் தொழுதார்கள். சிஎஸ்டியில் சுடப்பட்டவர்களில் முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன, ஊருக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், சிலர் வீட்டில் ஒரே இரவில் பல உயிர்.

நரிமன் ஹவுஸில் யூத குரு ஒருவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை மோஷேயை அங்கே வேலை பார்த்த சாண்ட்ரா சாமுவேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ஒளிந்திருந்த இடம் பத்திரமாக இருந்தது, குழந்தை அழும் சத்தம் கேட்டு மேலே ஏறிப் போனார். கூட இருந்தவர் ஜாகிர் உசேன் என்ற சக ஊழியர். அந்தக் குழந்தையைக் காப்பாற்ற யாரும் யாரிடமும் மதம் விசாரிக்கவில்லை. சாண்ட்ரா பிறகு குழந்தையோடு இஸ்ரேலுக்கே போய்விட்டார், அந்தப் பையன் 2018இல் மும்பைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

2008 டிசம்பர் 3 அன்று கேட்வே ஆஃப் இந்தியாவில் கூடிய பெருங்கூட்டத்தை எல்லோரும் ஒற்றுமையின் அடையாளமாகக் காட்டுகிறார்கள். கூடியது நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டம் தாஜுக்கு எதிரில் கூடியது, சிஎஸ்டிக்கு எதிரில் இல்லை. நாள் முழுக்க டிவியில் ஓட்டல்தான். பிளாட்பாரத்தில் செத்தவர்களின் பெயரைக்கூடச் சேனல்கள் சரியாகச் சொல்லவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்தல்.

#15 ராக்கோழி

மேலைக்காற்று சொல்வது உண்மைதான், ஆனால் ஓட்டல் ஊழியர்களைப் பணக்காரக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், தொலைபேசி இயக்குபவர்கள். கட்டடத்தின் பின்வழி எல்லாம் தெரிந்தவர்கள், ஓடிப்போயிருக்கலாம், ஓடவில்லை. விருந்தினர்களைச் சமையலறை வழியாக வெளியே அனுப்பும்போது முன்னால் நின்று சிலர் செத்தார்கள். பொது மேலாளர் கரம்பீர் காங்கின் மனைவியும் இரண்டு மகன்களும் மேல்மாடியில் இறந்தார்கள், அவர் அங்கிருந்து நகராமல் வேலையைத் தொடர்ந்தார். அந்த ஓட்டல் நிர்வாகம் டிசம்பரிலேயே ஒரு நல அறக்கட்டளை தொடங்கியது, தங்கள் ஊழியர்கள் மட்டுமல்லாமல் போலீஸ், ரயில்வே, தெருவில் அடிபட்ட கடைக்காரர்கள் வரை உதவினார்கள்.

#16 பழைய ஏணி

பிரச்சினையே இதுதான், தனியார் செய்ததை அரசின் வேகத்தோடு ஒப்பிட்டால் பெருமூச்சுதான் வரும். நியாயமாகச் சில நல்லதும் நடந்தது. அந்தக் கறுப்பு உடை கமாண்டோ படையான என்எஸ்ஜி, டெல்லி பக்கத்து மானேசரில் ஒரே இடத்தில் இருந்ததால்தானே தாமதம்? 2009இலேயே மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா நான்கு ஊரிலும் மையம் அமைத்தார்கள். மகாராஷ்டிரா ஃபோர்ஸ் ஒன் என்று தனிப்படை உருவாக்கியது. கேள்வி கேட்டதால்தான் இது நடந்தது. அந்த டிசம்பரில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றியிருந்தால் கமாண்டோ இன்னமும் மானேசரில் விமானத்துக்குக் காத்திருப்பான்.

#17 மழைக்குருவி

ஒரு சின்னத் தகவல், இறுக்கம் குறையட்டும். தாணேயில் கண்டுபிடித்த ஒரு தாவும் சிலந்திக்கு 2021இல் ஆராய்ச்சியாளர்கள் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள், ஓம்ப்ளே நினைவாக. பாய்ந்து பிடிக்கும் சிலந்தி! யோசித்து வைத்தவருக்கு ஒரு பூச்செண்டு.

#18 எட்டாம்நம்பர்

இது தெரியாதே! சூப்பர் அக்கா.

ஏணி ஐயா, ஏப்ரல் 14 பற்றிச் சொன்னீர்களே, அன்றைக்கு எங்களை மாதிரி ஆட்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போனால் உள்ளே விடுவார்களா, அல்லது அது துறைக்குள் நடக்கும் சடங்கா?

#19 பழைய ஏணி

காலையில் நீத்தார் நினைவு அஞ்சலி நடக்கும், அது சீருடையோடு, கொஞ்ச நேரம்தான். அதிலிருந்து ஏப்ரல் 20 வரை தீத்தொண்டு வாரம், பள்ளி, மருத்துவமனை, அடுக்குமாடி என்று போய் ஒத்திகை செய்து காட்டுவார்கள். முன்கூட்டியே நிலைய அலுவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், தாராளமாகப் பேசுவார்கள். பூ வாங்கிப் போக வேண்டாம். அணைப்பானை எப்படிப் பிடிப்பது, கேஸ் சிலிண்டர் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொண்டு வாருங்கள், குடியிருப்பு சங்கத்தில் இருந்து நாலு பேரையும் கூட்டிப்போங்கள். அப்படியே உங்கள் தெருவில் தண்ணீர் லாரி திரும்ப முடியாத மாதிரி வண்டி நிறுத்துபவர்கள் யார் யார் என்று பார்த்து அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.